படுத்தவன் பங்கு

அந்த நஷ்டஈட்டுப் பாரத்தில் ஒரே ஒரு கேள்விதான் சுலபமானது என்று நினைத்து அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். விபத்துக்குப் பிறகு தொழிலாளி கம்பெனியிடமிருந்து கூலி ஏதும் பெற்றாரா? 'இல்லை' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. மற்றக் கேள்விகள்தான் என்னைப் பயமுறுத்தின. எவ்வளவு தூரம் நடப்பார், எவ்வளவு கனம் தூக்குவார், உட்கார்ந்து செய்கிற வேலைக்காவது ஆவாரா. எல்லாம் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல வேண்டும், அண்ணன் சொல்கிற பதிலை இங்கிலீஷில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். போக வைத்தவன் அண்ணன். அந்தப் படிப்பால் வீட்டுக்கு ஆன முதல் காரியம், அவன் உடம்பு இனி எதற்கும் ஆகாது என்று எழுதிக் கொடுப்பது.

யுத்தம் முடிந்து, ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த காலம் அது. திரேஸ்புரத்தில் எங்களுக்கு ஓலை வேய்ந்த ஒற்றை அறை வீடு. அண்ணன் தோணியில் வேலை பார்த்தான். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஒரு தோணிக்கு எட்டு ஆள், அதில் மூத்தவர் தண்டல். அண்ணனுடைய தண்டல் எங்களுக்குத் தூரத்து உறவில் மாமன் முறை.

பஞ்சு பேல்களைச் சிலிங்குக் கயிற்றில் கட்டி, கப்பலின் சுமைதூக்கி விஞ்சு மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அலை தோணியைத் தூக்கிவிட்டது. தொங்கிய பேல்கள் ஊஞ்சல் போல வந்து அண்ணனைத் தோணியின் பக்கப் பலகையோடு வைத்து நெரித்தன. தண்டல் மாமா கம்பெனியில், "பயலுக்கு இடுப்புல ஒரு இடி" என்று மட்டும் சொன்னார். எண்ணெய்ச் செலவுக்கு ஏதோ கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் உண்டு. ஆத்தூர்ப் பக்கமிருந்து எலும்பு கட்டுகிற வைத்தியரைக் கூட்டி வந்தோம். அவர் முட்டையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. நிற்கலாம், சுவரைப் பிடித்து நாலு எட்டு வைக்கலாம். உட்காரத்தான் முடியவில்லை. ஒரே பக்கமாகப் படுத்தே கிடந்தான்.

கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மதினி உப்பளத்துக்குப் போனாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, ராத்திரி காலைச் சாம்பலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நஷ்டஈடு என்று ஒரு சட்டம் இருக்கிறது, வேலையில் அடிபட்டவனுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று நான் வாசகசாலையில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, அவள்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். மாதா கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற கிழவர் தம் கடையைக் கைமாற்றப் போவதாகப் பேச்சு இருந்தது. மதினி அன்றைக்கே அந்தக் கடையில் உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். எந்தத் திருநாளுக்கு எவ்வளவு திரி போகும் என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பாரம் எழுதிய ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. மதினியின் தகரப்பெட்டிதான் மேசை.

"என்ன கனம் தூக்க முடியும்னு கேட்டிருக்கான் அண்ணே."

"உங்க மதினியத் தூக்க முடியாதுன்னு எழுது."

"முந்தி தூக்கிக் கிழிச்சீரோ" என்றாள் மதினி, அடுப்படியிலிருந்து.

"சிரிக்காத அண்ணே. கவர்மெண்டுப் பாரம் இது."

"சரி, ஒண்ணும் தூக்க முடியாதுன்னு எழுது." பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தான். "ஒண்ணுமேன்னா எழுதுத? ஒரு கொடம் தண்ணி தூக்குவேன்ல."

"போன வாரம் தூக்கிட்டுக் கீழ விழுந்தீரே, அந்தக் கொடந்தானே" என்றாள் மதினி. "ஒண்ணும் முடியாதுன்னே எழுதுங்க தம்பி."

எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படித்தான். அவன் கொஞ்சம் முடியும் என்பான், மதினி அந்தக் கொஞ்சத்தையும் பிடுங்கிப் போடுவாள். எனக்குத் தெரிந்தே அவன் உடம்பை நாங்கள் இரண்டு பேரும் துண்டு துண்டாகக் கழித்துக்கொண்டு வந்தோம். கடைசியில் அந்தச் சுலபமான கேள்விக்கு வந்தேன்.

"அடிபட்ட பெறவு கூலி எதும் வாங்கினியான்னு கேட்கான்."

"கூலி ஏதுல? வேல பாத்தாத்தானே கூலி."

"மாமா சனிக்கெழம கொண்டாந்து தாராரே?"

"அது பங்குல்லா."

நானும் அப்படியேதான் நினைத்தேன். எங்கள் கடற்கரையில் பிறந்த எவனும் அப்படித்தான் நினைப்பான். மீன்பாடு பிரிக்கும்போது வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, அப்புறம் படுத்தவனுக்கு ஒரு பங்கு. நோயாலோ காயத்தாலோ கடலுக்கு வர முடியாதவன் பங்கு அவன் வீட்டுக்குப் போய்விடும். கொடுத்தவன் சொல்லிக்காட்ட மாட்டான், வாங்கினவன் கும்பிட மாட்டான். எங்கள் அப்பா கடைசியாகக் கிடந்தபோதும் அந்தப் பங்கில்தான் கிடந்தார். வள்ளத்தை விட்டுத் தோணிக்கு வந்த பிறகும் எங்கள் ஆட்கள் அதை விடவில்லை. அண்ணன் படுத்த வாரத்திலிருந்து தண்டல் மாமா சனிக்கிழமை சாயங்காலம் வருவார். மதினி கையில் கொடுக்க மாட்டார். மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போய்விடுவார்.

'இல்லை' என்று எழுதினேன். அண்ணன் பெருவிரலில் மையைத் தடவி அமுக்கினேன்.

சர்க்கார் டாக்டரிடம் அண்ணனை வண்டியில் வைத்துக் கொண்டுபோனோம். அவர் காலைப் பிடித்துத் திருப்பினார். அண்ணன் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். "இவன் எங்கே வேலைக்குப் போறது?" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, தம் பகுதியில் நிரந்தரமாக வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சந்தோஷம். பரீட்சையில் தேறினவன் வீட்டுக்குப் போகிற மாதிரி போனோம். மதினி வழியில் கோயிலுக்கு முன் வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த மெழுகுதிரிக் கடையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மீதி இருந்தது கம்பெனிப் பகுதி. பாரத்தைக் கம்பெனி ஆபீசில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போனேன். அங்கே கூலிக் கணக்குப் பார்த்த கிளார்க் நாசரேத்துப் பக்கத்துக்காரர், புனிதர்களைக் கும்பிடாத வேதக்கோயில் ஆள், வெள்ளை உடுப்பு, மெதுவான பேச்சு. என்னை உட்காரச் சொன்னார். அந்த ஆபீசில் என்னை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, ஒங்க ஆளுக ஒரு புனிதரு ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல நின்னாருன்னு சொல்லுவீங்கள்லா?"

"ஆமா சார்."

"ஒங்க அண்ணனும் அப்படித்தான் போல. டாக்டர் எழுத்துப்படி படுக்கையில கெடக்காரு. எங்க டோக்கன்படி இன்னைக்குக் காலையில தோணி ஏறிட்டாரு."

எனக்குப் புரியவில்லை. எழுந்து என்னை வாசலுக்குக் கூட்டிப் போனார். கேட்டுக்கு உள்ளே ஒரு மரப்பலகை. அதில் ஆணிகளில் பித்தளை டோக்கன்கள் தொங்கின. காலையில் வருகிறவன் தன் டோக்கனை எடுத்துப் பக்கத்திலிருக்கிற பெட்டியில் போட வேண்டும். விழுந்த டோக்கனுக்குக் கூலி. தோணி ஆட்களின் கூலியைச் சனிக்கிழமை மொத்தமாகத் தண்டல் வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். அண்ணனுடைய ஆணி காலியாக இருந்தது.

"அடிபட்ட மறுநாள்லேருந்து ஒரு நாள் விடாம விழுந்துருக்கு. எட்டுப் பேரு வேலைய ஏழு பேரு பாத்துட்டு, எட்டு டோக்கன் போட்டுருக்காங்க."

"அது பங்கு சார்" என்றேன். அந்தச் சொல் அந்த ஆபீசில் எவ்வளவு அநாதையாக ஒலித்தது என்பது இன்னும் காதில் இருக்கிறது. படுத்தவன் பங்கு என்றால் என்ன என்று முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லுதது எனக்கு வெளங்குது. மானேஜருக்கு வெளங்காது. அவரு பாரத்தப் பாத்துட்டாரு, டோக்கனையும் பாத்துட்டாரு. வராதவன் பேர்ல கூலி வாங்குனா அது திருட்டுன்னுதான் சொல்லுவாரு. ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுதாரு. ஒங்க அண்ணன் படுக்கையிலதான் கெடந்தாருன்னா, தண்டலும் அவரு ஆளுகளும் கள்ளக் கூலி வாங்கிருக்காங்க, ஏழு பேரும் வெளிய போகணும், போலீசுக்கும் போகும். இல்ல, அவரு இத்தன நாளும் வேலைக்கு வந்துக்கிட்டுதான் இருந்தாருன்னா, நஷ்டஈடு கெடையாது. திங்கக்கெழம காலையில அவரே வந்து, அவரு கையாலயே டோக்கனப் போடணும். மானேஜரு மாடியில நின்னு பாப்பாரு."

"நடக்கவே முடியாதே சார்."

"அதான் டாக்டரே எழுதிருக்காரே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பாரத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "திங்கக்கெழம இத எடுத்துட்டு வா. எதையாவது ஒண்ண எழுதி எடுத்துட்டு வா."

அன்று சாயங்காலம் தண்டல் மாமாவும் தோணி ஆட்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அறை கொள்ளவில்லை. பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"எழுதிரு மருமவனே. நாங்கதான் போட்டோம்னு எழுதிரு. வேல போனா ஏழு பேரும் பனை ஏறப் போறோம்."

"நீரு பனை ஏறுனா பனைதான் கீழ எறங்கி ஓடும்" என்றான் வாசலில் ஒருவன். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

நான் சொன்னேன்: உண்மையை எழுதுவோம், இது எங்கள் வழக்கம் என்று விளக்கி ஒரு தனிக் கடிதம் எழுதுகிறேன், சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பாரத்தை விசாரிக்கிற சர்க்கார் அதிகாரி படித்தால் புரிந்துகொள்வார். இங்கிலீஷில் எழுதினால் எதையும் புரியவைத்துவிடலாம் என்று அன்றுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் படுத்தபடியே கேட்டான்: "அதிகாரி படிச்சு முடிக்கவரைக்கும் இவனுக வீட்டுல என்னத்தப் பொங்குவானுக?"

அப்போதுதான் மதினி பேசினாள். கைப்பிள்ளை இடுப்பில் இருந்தது. தண்டல் மாமாவைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"ஒங்கள யாரு மாமா பங்கு கேட்டா? நான் கேட்டனா? இவரு கேட்டாரா? நீங்க சும்மா இருந்திருந்தா இன்னைக்கு எங்க பாரத்துல ஒரு கொறையும் இருந்திருக்காதே."

எங்கள் கடற்கரையில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பங்கு வராமல் இருந்திருந்தால் அந்தப் பாரம் எழுதுகிற நாள்வரை நாங்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டோம் என்பதிலும் பொய் இல்லை. அவளுக்கு அது தெரியும். அதனால்தான் கேட்டு முடித்ததும் அழுதாள் என்று நினைக்கிறேன்.

"ஏளா, சும்மா கெட" என்றான் அண்ணன். குரலில் கோபம் இல்லை. பிறகு மாமாவிடம், "திங்கக்கெழம நான் வாரேன். தோணியில எனக்கு ஒரு எடம் வையும்" என்றான்.

"ஏல, தோணிக்கு ஏணியில எறங்கணும்லா."

"எறங்குவேன். இல்லாட்டா விழுவேன். ரெண்டுக்கும் தோணி கீழதானே கெடக்கு."

ஞாயிறு முழுவதும் அவன் சுவரைப் பிடித்து நடந்து பழகினான். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்த மாதிரி, திரும்பத் திரும்ப. திங்கட்கிழமை விடியுமுன் மதினி தன் பழைய சேலையைக் கிழித்து அவன் இடுப்பை இறுக்கிக் கட்டினாள். வைத்தியரின் மூங்கில் பத்தைகளை உள்ளே வைத்துக் கட்டினாள். குட்டைக் காலுக்கு ஒரு பழஞ்செருப்பை மடித்துத் துணியால் சுற்றினாள். முடிச்சுப் போட்டுவிட்டு அவன் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

கேட் வரைக்கும் நானும் மாமாவும் தோளில் தாங்கிக் கொண்டுபோனோம். கேட்டுக்குள் தாங்கக் கூடாது. மானேஜர் மாடி ஜன்னலில் நின்றார், கையில் டீக் கோப்பை. தோணி ஆட்கள் எல்லோரும் தங்கள் டோக்கனைப் போட்டுவிட்டு, போகாமல், பெட்டியைச் சுற்றிச் சும்மா பேசுகிற மாதிரி நின்றார்கள். விழுந்தால் பிடிக்கத்தான் நின்றார்கள்.

அண்ணன் நடந்தான். கேட்டிலிருந்து பலகை வரைக்கும் தூரம் ஒன்றும் அதிகமில்லை. பாரத்தில் அந்தக் கேள்விக்கு நான் எழுதியிருந்த பதிலைவிட அது அதிகம், அவ்வளவுதான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்னாலிருந்து பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்துகொண்டே வந்தது. பலகையைத் தொட்டதும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டோக்கனை எடுத்தான். அது பெட்டியில் விழுந்த சத்தம் கேட்டது. மாடி ஜன்னல் காலியாகிவிட்டது.

கிளார்க் தம் மேசைக்கு என்னைக் கூப்பிட்டார். பாரத்தை விரித்து வைத்தேன். எதை எழுத வேண்டும் என்று அவர் மெதுவாகச் சொன்னார், நான் எழுதினேன். தொழிலாளி நலமாக இருக்கிறார், எல்லா வேலைக்கும் தகுதியுள்ளவர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறார். உடனே நின்றால் மானேஜருக்குச் சந்தேகம் வரும், அண்ணன் ஒரு மாதம் வரட்டும், பிறகு சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடட்டும், நான் கேள்வியில்லாமல் முடித்துவைக்கிறேன் என்றார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அவர் அதைச் செய்தார்.

அன்று சாயங்காலம் பாலத்தில் நான் காத்திருந்தேன். எங்கள் ஊரில் சரக்கு ஏற்றி இறக்குகிற அந்த நீண்ட மரப் பாலத்தைப் பாலம் என்றுதான் சொல்வோம். தோணி வந்தது. அண்ணன் தோணியின் அடியில் சுருட்டிய பாய்மீது கிடந்தான். காலையில் ஏணி இறங்கியதோடு சரி, ஏற முடியவில்லை. பாலத்து விஞ்சு சரக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. மாமா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிலிங்கு கயிற்றை விரிக்கச் சொன்னார். இரண்டு மூட்டையைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, நடுவில் அண்ணனைக் கிடத்தி, கொக்கியை மாட்டினார்கள்.

"மெதுவா லே! ஒடையுற சாமான்!" என்று மாமா விஞ்சுக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணன் மேலே வந்தான். அந்தரத்தில் ஒருமுறை சுற்றினான். எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவனை நசுக்கிய அதே மாதிரிக் கயிறு, அதே மாதிரிக் கொக்கி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் எப்படிச் சிரித்தோம் என்று தெரியவில்லை. கீழே இறக்கி அவிழ்த்தபோதுதான் பார்த்தோம், உதட்டைக் கடித்ததில் ரத்தம் தாடையில் காய்ந்திருந்தது.

மறுநாளும் போனான். அந்த மாதம் முழுவதும் போனான். காலையில் ஏணியில் இறக்கினார்கள், சாயங்காலம் கொக்கியில் ஏற்றினார்கள். மாதம் முடிந்ததும் நான் விலகல் கடிதம் எழுதினேன், அவன் விரல் வைத்தான். அதற்குள் வைத்தியர் கட்டிச் சேர்த்த எலும்பு திரும்பவும் விட்டுப்போயிருந்தது. இந்தத் தடவை சேரவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கூட எழுவதில்லை.

அவன் விலகிய பிறகு டோக்கன் இல்லை. ஏழு பேரும் தங்கள் கூலியிலிருந்து எடுத்துப் பங்கு கொடுத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் தோணி ஓடாமல் அவர்கள் வீட்டிலேயே அடுப்பு எரியாதபோது, அண்ணன்தான் மாமாவிடம், "மாதா படத்துக்குக் கீழ இனி ஒண்ணும் வைக்காதேயும்" என்று சொல்லிவிட்டான். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வாத்தியார் வேலை கிடைத்தது. வீடு அதில் ஓடுகிறது. மதினி இன்னும் உப்பளத்துக்குப் போகிறாள். மெழுகுதிரிக் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். கோயிலுக்கு அவள் இப்போது பக்கவாசல் வழியாகத்தான் போகிறாள்.

நஷ்டஈட்டுப் பாரம் எழுதத் தெரிந்தவன் என்று எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பேர் உண்டாகிவிட்டது. கை நசுங்கியவர்கள், கண் போனவர்கள், பாரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் தகரப்பெட்டிக்கு முன் உட்கார்ந்து, முதலில் அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

"பங்கு வருதா?"

வருகிறது என்கிறார்கள். ஏன் கேட்கிறான் இவன் என்பது போலப் பார்க்கிறார்கள். முதலில் போய்ப் பங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் எழுதலாம் என்கிறேன். பாரத்துக்குப் பதில் வர எத்தனை மாதம் ஆகும் என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். உள்ளே படுத்திருக்கும் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

சரி என்று பாரத்தைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட இதுவரை திரும்பி வரவில்லை.